ஆறு உறைக்குக் கீழே

எனக்குக் காத்திருக்கத் தெரியாது. பிறவியிலேயே அப்படி. உலை கொதிப்பதற்குள் நாலு தடவை மூடியைத் திறந்து பார்க்கிறவள் நான். அப்படிப்பட்டவளைக் கொண்டுபோய், ஒரு குடம் தண்ணீருக்கு அரைநாள் மணலில் குந்தியிருக்க வேண்டிய ஊரில் கட்டிக்கொடுத்தார் என் அப்பா.

ஊர் என்றால் திருவொற்றியூருக்கு வடக்கே, எண்ணூர் போகிற வழியில், கடலுக்கும் கால்வாய்க்கும் நடுவே மணலில் கிடந்த ஒரு குப்பம். நாற்பது ஐம்பது குடிசைகள். ஆண்கள் கட்டுமரம் தள்ளுவார்கள். பெண்கள் மீன் விற்பார்கள், மிஞ்சியதை உப்புப் போட்டுக் கருவாடாக்குவார்கள். யுத்தம் முடிந்து ஏழெட்டு வருஷம் ஆகியிருந்த சமயம். என் அப்பாவும் ஒரு காலத்தில் கடலுக்குப் போனவர்தான். துறைமுகம் கட்டியபிறகு ராயபுரத்தில் கடல் கரையை அரித்து, கட்டுமரம் இழுத்துப் போட இடமில்லாமல் போய், மூட்டை தூக்கப் போனார். நான் பாதிரிமார் பள்ளியில் ஐந்தாவது வரை படித்திருந்தேன். அதனால் குப்பத்தில் எதைப் பார்த்தாலும் எனக்குக் குறை தெரிந்தது. படித்த திமிர் என்பார் என் புருஷன். திமிர்தான், இல்லையென்று சொல்லமாட்டேன்.

குடிக்கிற தண்ணீர் மணல்மேட்டுக்குப் பின்னால் இருந்தது. முழங்கால் ஆழத்துக்குக் கையாலேயே பள்ளம் பறித்தால் தண்ணீர் ஊறும். கடல் கூப்பிடு தூரத்தில் இருக்க, அந்தப் பள்ளத்தில் மட்டும் இளநீர் போலத் தண்ணீர். ஆனால் உள்ளங்கை அளவுதான் ஊறும். கொட்டாங்குச்சியால் மூன்று தடவை மொண்டுகொண்டு, எழுந்து அடுத்தவளுக்கு இடம் விட வேண்டும். அது அந்த ஊர்ப் பெண்களின் சட்டம். நாலாவது தடவை கொட்டாங்குச்சியை விட்டால் சண்டைதான்.

அந்தச் சட்டத்தைக் காப்பாற்றியவள் என் ஓரகத்தி, என் புருஷனுடைய அண்ணன் பெண்டாட்டி. நான் அக்கா என்று கூப்பிடுவேன். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவள். கத்தமாட்டாள், யாரையும் வையமாட்டாள். ஊற்றங்கரையில் ஓரமாக உட்கார்ந்து, "மூணு தபா ஆச்சு இல்ல? எயுந்துக்கோ. ஊத்து கொஞ்சம் மூச்சு வுடட்டும்" என்பாள். எப்பேர்ப்பட்ட வாயாடியும் எழுந்துகொள்வாள். நான் மட்டும்தான் முணுமுணுத்துக்கொண்டு எழுவேன். என் முறை வரும்வரை எனக்காக அவளே உட்கார்ந்திருந்து, நிறைந்த குடத்தை என் வீட்டு வாசலில் வைத்துவிட்டுப் போன நாட்கள் எத்தனையோ.

அவளுக்குக் கல்யாணமாகி எட்டு வருஷமாகியும் பிள்ளையில்லை. இரண்டு தடவை உண்டாகி இரண்டும் நாலாம் மாதத்திலேயே போய்விட்டன. மூன்றாவது தடவை உண்டானபோது என்னிடம்தான் முதலில் சொன்னாள்.

"இந்தத் தபாவும் நிக்கலன்னா நான் அவ்ளோதாண்டி."

எனக்கு ஆத்திரம் வந்தது. யார்மேல் என்று தெரியாத ஆத்திரம். நாளெல்லாம் பள்ளத்தில் குனிந்து, குனிந்த முதுகோடு குடம் தூக்கினால் எந்தக் கரு தங்கும்? அப்படித்தான் எனக்குத் தோன்றியது.

"நீ இனிமே குனியவே கூடாதுக்கா. ஊருக்கு ஒரு கெணறு வெட்டலாம். நின்னுக்கினே சேந்தலாம்" என்றேன்.

அவள் சிரித்தாள். "யாரு வெட்டுவா? உன் பள்ளிக்கூடத்து தொரையா?"

நான் புருஷனை அரித்தேன். அவர் ஊர்த் தலைவரிடம் சொன்னார். தலைவர் பார்க்கலாம் என்றார். பார்க்கலாம் என்றால் அந்த ஊரில் இல்லை என்று அர்த்தம். பத்து நாள் பொறுத்தேன். எனக்கு அதுவே பெரிய தவம். பிறகு ஒரு விடியற்காலையில், ஆண்கள் மரம் தள்ளப் போகிற பாதையில், பெண்களையெல்லாம் இரண்டு பக்கமும் காலிக் குடத்தோடு நிறுத்திவிட்டேன். கடலுக்குப் போகிறவன் எதிரில் ஒரு காலிக் குடம் வந்தாலே திரும்பிவிடுவான். இங்கே முப்பது குடம்.

தலைவர் துடுப்பைக் கீழே போட்டுவிட்டுக் கத்தினார். "இன்னாங்கடி இது! தொயிலுக்குப் போறவன் வெளங்குவானா? எவ குடுத்த யோசன இது?"

"கொடம் காலியா கீதுன்னு காட்டத்தான் வந்தோம் தலைவரே" என்றேன்.

வரிசையில் அக்காவும் நின்றாள். அவள் நின்றதால்தான் மற்றவர்களும் நின்றார்கள். எனக்காக ஒருத்தியும் நின்றிருக்க மாட்டாள். அன்றைக்கு ஒரு மரமும் கடலில் இறங்கவில்லை. சாயங்காலம் ஊர் கூடி, கிணறு வெட்டுவதென்று முடிவானது.

அதற்குப் பிறகு நடந்ததை நினைத்தால் இப்போதும் நெஞ்சு விம்முகிறது. அவ்வளவு நன்றாக நடந்தது. ஒவ்வொரு மரத்திலிருந்தும் திருவிழாவுக்கென்று எடுத்துவைக்கும் மீனின் காசு அந்த வருஷம் கிணற்றுக்குள் ஒன்றின்மேல் ஒன்றாக இறக்கும் சுட்டமண் உறைகளுக்குப் போனது. உறைகள் கால்வாயில் படகேறி வந்தன. கரையிலிருந்து மணல்மேடு வரை ஆண்கள் அவற்றைக் கட்டுமரத்து மரங்களில் கட்டித் தோளில் தூக்கி வந்தார்கள். தண்ணீர் நன்றாக இருக்கிற இடத்தில்தானே கிணறு வெட்டமுடியும்? ஊற்றுகளுக்கு நட்டநடுவில் வெட்டினோம். அள்ளிய மணலைப் பெண்கள் மீன்கூடையில் சுமந்து சுற்றிலும் கொட்டினோம். பள்ளங்கள் ஒவ்வொன்றாக மூடிப்போயின. ஒருவரும் வருத்தப்படவில்லை. கடைசிப் பள்ளத்தை நானே காலால் தள்ளி மூடினேன், எக்களிப்போடு.

உறை இறக்க வியாசர்பாடியிலிருந்து ஒருவர் வந்தார். ஆலையில் வேலை செய்த குடும்பம், புத்த மதத்தில் சேர்ந்தவர், மீன் தொடமாட்டார். மீனைத் தவிர எங்கள் ஊரில் வேறென்ன இருக்கிறது? அக்காதான் எங்கிருந்தோ முருங்கைக்கீரை பறித்துவந்து ஆக்கிப் போட்டாள். அவர் உறைக்குள் நின்று மணலை அள்ள அள்ள, உறைகள் தம் பாரத்தில் கீழே இறங்கும். மேலே ஒன்றை ஏற்றுவார்கள். ஒவ்வொரு உறைக்கும் அவர் வாயைக் கொப்பளித்துவிட்டு, கீழே ஊறிய தண்ணீரைக் கொஞ்சம் நாக்கில் விட்டுப் பார்ப்பார். ஆறாவது உறை இறங்கியதும் மேலே ஏறி வந்துவிட்டார்.

"போதும்மா. இத்தோட வுட்டுடுங்க" என்றார்.

நான் ஏன் என்று கேட்கவில்லை. எதற்கெடுத்தாலும் ஏன் என்று கேட்கிற நான், அன்றைக்குக் கேட்கவில்லை.

தை மாதம் தண்ணீர் சேந்தினோம். முதல் குடம் அக்கா சேந்தினாள். நின்றுகொண்டே, முதுகு வளையாமல். கயிற்றை இழுத்துக்கொண்டே என்னைத் திரும்பிப் பார்த்து, "படிச்சவ படிச்சவதாண்டி" என்றாள். நாலாம் மாதம் தாண்டியது. ஐந்தும் தாண்டியது. வயிறு தெரிந்தது. குப்பத்துப் பெண்கள் எல்லோரும் அந்த வயிற்றையும் அந்தக் கிணற்றையும் சேர்த்தே பேசினார்கள். நான் தரையில் கால் பாவாமல் நடந்தேன்.

சித்திரையில் தண்ணீர் கீழே போய்விட்டது. விடிந்து இரண்டு நாழிகைக்குள் வாளியில் மணல்தான் வந்தது. மூடிய ஊற்றுகளைப் பற்றி இப்போது பேச ஆரம்பித்தார்கள். "அது கம்மியா குடுத்தாலும் தெனம் குடுத்துச்சு" என்று ஒருத்தி என் காதுபடச் சொன்னாள். எனக்குப் பொறுக்கவில்லை. இன்னும் இரண்டு உறை இறக்கினால் தீர்ந்தது என்றேன். வியாசர்பாடிக்காரருக்குச் சொல்லி அனுப்பலாம் என்று அக்காதான் சொன்னாள். அவர் வரப் பத்து நாள் ஆகும். பத்து நாள் யார் காத்திருப்பது?

"கடலுக்கடியில போயி நங்கூரத்த எடுத்தாந்து குடுக்கறவங்க கீறாங்க. ஒரு கெணத்துல எறங்கறது இன்னா பெரிய வேல?" என்றேன். ஆண்களுக்கு அது போதுமாயிருந்தது.

மதியம் கடலிலிருந்து வந்த கையோடு இறங்கினார்கள். மூன்று நாளில் இரண்டு உறையும் இறங்கின. கீழேயிருந்து தண்ணீர் குபுகுபுவென்று வந்தது. என் மூத்தார், அக்காவின் புருஷன், உள்ளே நின்று இரண்டு கையாலும் அள்ளிக் குடித்துவிட்டு, "தேனு! தேனு!" என்று கத்தினார். மேலே வாளியில் எடுத்து ஊர் ஆண்கள் எல்லோரும் குடித்தார்கள். சோக்கா கீது என்றார்கள். நானும் குடித்தேன். அன்று காலையெல்லாம் சுறாவுக்கு உப்பு அடைத்துவிட்டு வந்திருந்தேன். எனக்கும் நன்றாகத்தான் இருந்தது.

அக்கா ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள். அவளை உட்காரவைத்து இரண்டு மாதமாகிறது. கருவாட்டுப் பக்கமே நான் விடவில்லை.

"கரிக்குதுடி" என்றாள்.

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். மாசமாயிருக்கிறவளுக்கு எதுதான் சரியாக ருசிக்கும்? ஒருத்தி, தன் வயிற்றில் பிள்ளை இருந்தபோது சோறே கசந்ததாகச் சொன்னாள். அக்கா மறுபடியும் குடித்துப் பார்த்தாள். "இல்லடி, மெய்யாலுமே கரிக்குது" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. ஊரே மெச்சிக்கொண்டிருக்கிற நேரத்தில், யாருக்காக இத்தனையும் செய்தேனோ அவளே குறை சொல்கிறாளே என்று.

"ஊருக்கெல்லாம் இனிக்குது, உனக்கு மட்டும் கரிக்குதா? ஒயுங்கா குடி அக்கா, புள்ளைக்குத் தண்ணி வேணும்" என்று சொம்பை அவள் கையில் திணித்தேன். அவள் என்னைப் பார்த்தாள். பிறகு சொம்பைக் காலி பண்ணினாள். அதற்குப்பிறகு தண்ணீரைப் பற்றி அவள் வாய் திறக்கவில்லை.

மீன் விற்கத் திருவொற்றியூர் போய், அங்கே தண்ணீர் குடித்து வருகிற பெண்களுக்கு வித்தியாசம் தெரிந்திருக்கும். தெரிந்துதான் இருக்கவேண்டும். ஆனால் நாங்களே தோண்டிய கிணறு. எங்கள் தோள் சுமந்த உறை. அதைக் குறை சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை. உப்பும் ஒரே நாளில் ஏறவில்லை. தினம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது, நாக்கும் அதோடு பழகிக்கொண்டது.

ஆனி முடிவில் அக்காவின் கால் வீங்கியது. நிறைமாதம் நெருங்கினால் வீங்கத்தான் செய்யும் என்றார்கள். பிறகு கை வீங்கியது. வளையலைக் கழற்றமுடியாமல் உடைத்தோம். ஆடி பிறந்து என்னைப் பார்க்க அப்பா வந்தார். வெயிலில் நடந்துவந்தவருக்கு ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்தேன். ஒரு மிடறு வாயில் வைத்தார். வாசலுக்குப் போய்த் துப்பினார்.

"இன்னாம்மா இது? கடல்ல மொண்டு குடுக்கறியா?"

"கெணத்துத் தண்ணி நைனா. ஊரே குடிக்குது."

"ஆரு குடிச்சி சொன்னது நல்லா கீதுன்னு?"

ஆண்கள் என்றேன். கடலிலிருந்து வந்து குடித்துப் பார்த்தார்கள் என்றேன். "நானும் தொயிலுக்குப் போனவன்தாம்மா. கடல்லேர்ந்து வந்த வாய்க்கு எதக் குடுத்தாலும் இனிக்கும். அந்த வாய வெச்சிக்கினா பாத்தாங்க?" என்றார்.

நான் நம்பவில்லை. நாக்கில் விட்டுப் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. அவர் வாதாடவில்லை. ஒரு சொம்பு கிணற்றுத் தண்ணீரை எடுத்துக்கொண்டு, என்னைத் திருவொற்றியூருக்கு நடத்தி அழைத்துப்போனார். அங்கே ஒரு தோட்டக் கிணற்றில் வாயைக் கொப்பளிக்கச் சொன்னார். இரண்டு கை குடிக்கச் சொன்னார். பிறகு நாங்கள் கொண்டுபோன சொம்பை நீட்டினார்.

கரித்தது.

அவள் சொன்ன அதே கரிப்பு. இரண்டரை மாதமாக, புள்ளைக்கு வேண்டுமென்று நான் ஊற்றி ஊற்றிக் கொடுத்தது. அந்தத் தோட்டத்து வரப்பில் உட்கார்ந்து நான் அழுத அழுகையில் அப்பா பயந்துபோனார். எழுந்து, அந்தத் தோட்டக்காரரிடம் ஒரு குடம் கெஞ்சி வாங்கி, தண்ணீரைத் தலையில் வைத்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்தேன்.

அக்கா சுவரில் சாய்ந்திருந்தாள். முகம் வீங்கி, கண் சிறுத்துப்போயிருந்தது. நான் கொடுத்த தண்ணீரை மெதுவாகக் குடித்தாள். "இதாண்டி தண்ணி" என்றாள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். செவுளில் ஒன்று விட்டிருந்தாலும் நான் பிழைத்திருப்பேன்.

நாலாம் நாள் காலையில் அவளுக்கு வலிப்பு வந்தது. மாட்டுவண்டியில் போட்டு ராயபுரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வழியெல்லாம் அவள் தலை என் மடியில் இருந்தது. நினைவு திரும்பவில்லை. பெண் குழந்தையை எடுத்துக் கொடுத்தார்கள். அக்காவைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

அங்கே வேலை பார்த்த ஒரு நர்சம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு, உப்புத் தண்ணீர் குடித்ததால்தானா என்று கேட்டேன். "நல்ல தண்ணி குடிக்கிறவங்களுக்கும் இப்படி வருதும்மா. எதனாலன்னு சொல்ல முடியாது" என்று அந்த அம்மாள் சொன்னாள். ஆறுதலுக்குச் சொன்னாளா, உண்மையைச் சொன்னாளா, எனக்குத் தெரியாது. அந்தக் கேள்வியோடுதான் இத்தனை வருஷம் சோறு தின்றிருக்கிறேன்.

காரியம் முடிந்ததும் ஆண்கள் கிணற்றில் இறங்கி, கீழ் இரண்டு உறை ஆழத்தையும் மணல் போட்டு மூடினார்கள். வியாசர்பாடிக்காரருக்கும் ஆள் போனது. அவர் வந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: நல்ல தண்ணீர் மேலே மெல்லிசாக மிதக்கிறது, கீழே இருப்பது கடல். அதைக் கிளறிவிட்டால் திரும்ப அடங்க வருஷக்கணக்காகும். "மொதல்லயே சொல்லியிருக்கலாமே" என்றார் தலைவர். "கேட்டிருந்தா சொல்லியிருப்பேங்க" என்றார் அவர். பழைய இடத்தில் ஊற்றுப் பள்ளங்கள் பறித்துப் பார்த்தோம். அவையும் கரித்தன. மழைக்குப் பிறகு கொஞ்சம் தேறியது, ஆனால் பழைய ருசி வரவேயில்லை. ஊர் அதையே குடித்துப் பழகிக்கொண்டது.

என்னை யாரும் திட்டவில்லை. காலிக் குடத்தை எதிரில் காட்டியதால் வந்த வினை என்று சிலர் பேசிக்கொண்டார்கள். அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். மூத்தார் குழந்தையை என் கையில் கொடுத்துவிட்டார். தேன் என்று கத்தியவர் அவர். அந்தக் கிணற்றுப் பக்கமே அதற்கப்புறம் அவர் போகவில்லை.

குழந்தைக்கு நான் அந்தத் தண்ணீரைக் கொடுக்கவில்லை. தினமும் திருவொற்றியூர் நடந்துபோய், அந்தத் தோட்டத்திலிருந்து ஒரு குடம் கொண்டுவருவேன். மழையோ வெயிலோ, ஒரு நாள் தவறியதில்லை. வரிசையில் நின்றேன், தோட்டக்காரர் கதவு திறக்கும்வரை வேலியோரம் உட்கார்ந்திருந்தேன். காத்திருக்கப் பழகிவிட்டேன் என்று என் புருஷன் ஒருமுறை சொன்னார்.

அவளுக்கு ஆறு வயதிருக்கும். ஒருநாள் விளையாடிவிட்டு ஓடிவந்தாள். தாகமாயிருக்குமே என்று சொம்பை நீட்டினேன்.

"வேணாம்மா, நான் கெணத்துல குடிச்சிட்டேன். அது சோக்கா கீது. நம்ம வூட்டுத் தண்ணி சப்புனு கீது" என்றாள்.

அடித்துவிட்டேன். அதுவரை அவள்மேல் கை வைத்ததில்லை. விரல் பதிந்துவிட்டது. அவள் அழவில்லை, திகைத்து நின்றாள். நான்தான் அழுதேன். அவளை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு, உன்னைப் பெற்றவள் நான் இல்லை என்பதிலிருந்து ஆரம்பித்தேன். அது அவளுக்கு அரைகுறையாக ஏற்கெனவே தெரிந்திருந்தது. கிணறு வெட்டியதைச் சொன்னேன். இரண்டு உறை கூட இறக்கச் சொன்னது நான்தான் என்பதையும் சொன்னேன். உன் அம்மாவுக்கு மட்டும் அது கரித்தது என்றேன்.

அவள் கன்னத்தைத் தடவிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு நிமிர்ந்து பார்த்தாள்.

"கரிக்குதுன்னு தெரிஞ்சிக்கினே ஏன் குடிச்சாங்க?"

"நான் குடுத்தேன்னு" என்றேன்.